சப்பாத்துக் கட்டியதும் கலியாணம் முடிந்த படம்

1

போன சனிக்கிழமை பின்னேரம் கோலாலம்பூரில் ஒரு படக்கொட்டகைக்குள் இருந்து நான் குளிரில் நடுங்கினேன். வெளியே தெருத் தார் உருகி ரிக்‌ஷாச் சில்லில் ஒட்டுகிற வெயில். உள்ளே மூட்டைப்பூச்சிக் கதிரை, பெயருக்குச் சுற்றும் ஒரு விசிறி, பக்கத்தில் எங்களோடு வந்த அயல்வீட்டுப் பொன்னம்மாக்காவின் நல்லெண்ணெய்த் தலை. ஆனாலும் திரையில் அந்த உறைந்த ஏரியைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன். என் மகன் நடேசு அதைப் பார்த்துவிட்டு, யாராவது தெரிந்தவர்கள் கண்டுவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் முழித்தான். பத்து வயதிலேயே அவனுக்குத் தாயைப் பற்றி அவ்வளவு வெட்கம்.

நான் உரும்பிராயில் பிறந்து, இணுவிலுக்கு வாழ்க்கைப்பட்டு, கலியாணம் முடிந்த சூட்டோடு மலாயாவுக்குக் கப்பலேறியவள். என் வீட்டுக்காரர் இங்கே ரெயில்வேக் கந்தோரில் கிளாக்கர். அவர் பெயரை வாயால் சொல்லாதவள் பேனாவால் மட்டும் சொல்லுவேனா? இந்தப் பத்திரிகையிலும் ‘இவர்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை எங்கள் கலியாண நாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்குள்ள வெள்ளைக்காரர்கள் அந்த நாளில் பெண்சாதிக்குப் பூ வாங்கிக் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்து போவதை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த முறை இவர் கந்தோரால் அரை நாளோடு வந்து, "இஞ்சேரும், பிள்ளையளை வெளிக்கிடுத்தும். ஒரு படம் பாத்திட்டு வருவம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோசத்தால் அல்ல. வருகிற மாதக் கப்பலில் நானும் பிள்ளைகளும் ஊருக்கு வந்துவிடுவதென்று முடிவாகியிருந்தது. இவர் இங்கேயே இருப்பார். பென்சன் எடுத்துக்கொண்டுதான் ஊர் வருவார். அதற்கு இன்னும் பதினைந்து வருடம் கிடக்கிறது. ஆகவே இந்தப் படம் எனக்குச் செய்கிற வழியனுப்பு என்று விளங்கிவிட்டது.

படம் மட்டும் அவ்வளவு நன்றாக இராமல் போயிருந்தால், இந்நேரம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

2

படத்துக்குப் போகுமுன் எங்கள் சோடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் கலியாணப் போட்டோவில் இவர் என்னைவிட இரண்டு விரற்கடை உயரமாக நிற்பார். கூறைச் சேலையின் கொய்யக மடிப்புக்குப் பின்னால் கூர்ந்து பார்த்தால், அவர் காலுக்குக் கீழே மணைப்பலகை தெரியும். நான் தோட்டக்காரன் மகள். வளர்த்தியும் அப்படி, குரலும் அப்படி. வரம்பில் நின்று கூப்பிட்டால் கோப்பாய்க்குக் கேட்கும் என்று ஐயா சொல்லுவார். இவரோ பக்கத்தில் இருந்து கதைத்தாலும் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். சாத்திரியார் எங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டுப் பத்துப் பொருத்தத்தில் எட்டுச் சரி என்றார். மிச்ச இரண்டும் உயரமும் குரலுமாக்கும் என்று நான் பிறகு நினைத்துக்கொண்டேன்.

இவர் எதையும் நேராக அடுக்கி வைப்பார். சப்பாத்து, பற்பொடி, குடை, எல்லாவற்றுக்கும் ஓரிடம். நான் சுளகை எங்கே வைத்தேன் என்று மூன்று அறையும் தேடுகிறவள். அவருக்குப் பாண், எனக்குப் பிட்டு. அவருக்கு யன்னல் சாத்தியிருக்க வேண்டும், எனக்குத் திறந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வைத்துக்கொண்டும் நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. சண்டைக்கும் இரண்டு பேர் கதைக்க வேண்டுமே. அவர் சொல்லுவார், நான் ‘ஓம்’ என்பேன். ஊரில் நாலு வீட்டுக்குக் கேட்கக் கதைத்தவள், கப்பலேறிய பிறகு இந்த ஒரு சொல்லோடு குடும்பம் நடத்தினேன் என்றால் ஐயா நம்பவே மாட்டார்.

பிள்ளைகள் விசயமும் அப்படித்தான் முடிவானது. நடேசு பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தோடு குசினிக்குள் நுழைந்து, "அம்மா, மக்கான்" என்பான். மலாய்க்காரர் சாப்பாட்டுக்குச் சொல்லும் சொல் அது. சின்னவள் யோகம் புளியங்கொட்டையை மலாயில்தான் எண்ணுவாள். நடேசு தேவாரத்தை, இங்கிலீசுப் பாட்டு ஒப்புவிக்கிறதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்புவிப்பான். முடிந்ததும் சுவாமி படத்துக்குத் தலையைக் குனிந்து ஒரு சலாம் வேறு. ஒருநாள் சந்தையில் மீன்காரனோடு நான் விலை பேசும்போது என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, மெல்லக் கதையுங்கோ. எங்கடை மிஸ் பாத்துக்கொண்டு போறா."

"பாத்தால் என்ன? அவ மீன் தின்னுறேல்லையோ?" என்று கேட்டேன். பையன் அழுதுவிட்டான். அன்றிரவு இதை நான் சிரிப்பாகத்தான் இவருக்குச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. சப்பாத்துச் சோடியை நேராக அடுக்கி வைத்துவிட்டு, "பிள்ளையள் ஊரிலை படிக்கட்டும். நீர் கூட்டிக்கொண்டு போம். சீனாவிலை யப்பான்காரன் நிக்கிறான், நாளைக்கு இஞ்சையும் என்ன நடக்குமோ தெரியாது. நான் பென்சனோடை வாறன்" என்றார். நான் வழக்கம்போல ‘ஓம்’ என்றேன்.

இதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். வலிகாமத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு மலாயாக்காரன் பெண்சாதி இருப்பாள். சுண்ணாம்பு பூசிய வீடு, மாதம் தவறாத மணியோடர், சுவரில் புருசனின் படம். இணுவிலில் என் மூத்த மச்சாள், இவருடைய தமக்கை, அப்படித்தான் இருக்கிறா. நான் கப்பலேறுவதற்கு முதற்கிழமை அத்தான் லீவில் வந்து படலையடியில் இறங்கியபோது அவவின் கடைசி மகள், "அம்மா, ஆரோ வந்து நிக்கினம்" என்று உள்ளே ஓடினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மச்சாளும் சிரித்தா. பிறகு அடுப்படியில் தனிய நின்று முகத்தைத் துடைத்ததை நான் கண்டேன்.

கப்பலுக்குப் பத்திரம் எடுக்க இவரோடு நானும் ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் என்னைச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்தார். அளந்த கணக்கை உரத்து வாசித்தபோது இவர் இருமினார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு அந்த மனுசன், நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று என்னைப் பார்த்து இங்கிலீசில் கேட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்தவள் நான். கேள்வி நன்றாக விளங்கியது. இவர் விசிறியைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். எங்களுக்குப் பாஷை தெரியாதென்று நினைத்து அவர் மலாயில் கேட்டார். பிறகு, பாவம், தெரிந்த அரைகுறைத் தமிழிலும் கேட்டார். மூன்று பாஷையிலும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் படத்துக்குப் போனேன்.

3

இனிப் படம்.

பட்டினத்துச் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் பொதிந்து வைத்திருக்கும் ஐஸ் கட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை வல்லை வெளி அளவுக்கு விரித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அவர்கள் ஊர் ஏரி, மாரி காலத்தில். அந்த வெளியில் சப்பாத்தின் அடியில் கத்தி பூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறார்கள் என்பதும் பிழை. கால் எடுத்து வைப்பதே தெரியாது. நின்ற நிலையில் போகிறார்கள், வளைகிறார்கள், பம்பரம்போலச் சுழல்கிறார்கள். ஆணும் பெண்ணும் சோடியாக ஆடும் போட்டியும் உண்டு.

கதாநாயகி பெரிய இடத்துப் பெண். நடக்கப் பழகிய நாளிலிருந்து சறுக்கப் பழகியவள். நாட்டுப் போட்டியில் இரண்டு முறை மயிரிழையில் தோற்றவள். மூன்றாம் முறைக்கு ஆயத்தம் செய்யும்போது அவளோடு ஆடும் வாலிபன் குதிரையால் விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். வேறு சோடி கிடைக்கவில்லை. அவளுடைய வாத்தியார் ஊரெல்லாம் தேடி, கடைசியில் ஏரியிலே ஐஸ் வெட்டுகிற ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவன் பெரிய வாளால் ஐஸை அறுத்து, பாளம் பாளமாக இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றுகிறவன். சறுக்குவதில் காற்று. ஆனால் ஆட்டமும் தெரியாது, அடக்கமும் தெரியாது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்த மாளிகைக்குள் வந்து நிற்கிறான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, இணுவில் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுச் சாணி மெழுகிய நிலத்தைப் பார்த்த அதே பார்வை. (இணுவிலில் இதை வாசிக்கக் கேட்கும் மாமி, கோபிக்க வேண்டாம். பிறகு நீங்கள் என் கையால் சாப்பிட்டு நல்ல சொல் சொன்னீர்கள்.)

அவளுக்கு எல்லாம் கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பு. அவனுக்குக் கணக்கே இல்லை, மனம் வந்தபோது திரும்புவான். அவள் தேத்தண்ணியை எறும்பு குடிப்பதுபோலக் குடிப்பாள். அவன் கோப்பையைக் கவிழ்ப்பான். ஒருவரை ஒருவர் திட்டாத காட்சி இல்லை. அந்தப் பெண் அரைப் பாவாடையோடு அந்நிய ஆணின் தோளில் ஏறி நிற்பதை ஊரில் சிலர் ஏற்கமாட்டீர்கள். நானும் முதல் பத்து நிமிசம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவள் எத்தனை தரம் விழுகிறாள், விழுந்தபிறகு எப்படி எழும்புகிறாள் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு பாவாடை கண்ணில் படவில்லை. இடுப்பில் நீலம் பாரிக்க விழுந்தவள் எழுந்து, கையிலுள்ள பனியைத் தட்டிவிட்டு, ‘இன்னொருமுறை’ என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நான் என் மனதுக்குள் எழும்பி நின்று கும்பிட்டேன்.

ஒரு காட்சியில் அவளுடைய விரல்கள் விறைத்துப் போய்ச் சப்பாத்து நாடாவைக் கட்ட வரவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் ஐஸில் முழங்கால் ஊன்றிக் குனிந்து, அவள் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, நாடாவை இழுத்துக் கட்டினான்.

எங்கள் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரி பொன்னம்மாக்கா, சாவகச்சேரிப் பக்கம், இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. அதுவரை ஒரு குமர்ப்பிள்ளையை ஒருவன் இப்படித் தூக்கி எறிகிறானே என்று உச்சுக்கொட்டிக்கொண்டு இருந்தவ. இதைக் கண்டதும் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தா.

"அப்பாடா. கலியாணம் முடிஞ்சுது. இனிப் பயமில்லை."

"என்னக்கா சொல்லுறியள்? அவன் சப்பாத்தெல்லோ கட்டிவிடுறான்."

"எதைக் கட்டினால் என்ன? ஆம்பிளை குனிஞ்சு பொம்பிளையின்ரை காலைப் பிடிச்சவனெல்லோ. ஊரிலை வேறை எப்ப பிடிக்கிறவங்கள், சொல்லு பாப்பம்?"

உண்மைதான். அம்மி மிதிக்கிற நேரம் மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைப் பிடித்து அம்மியில் வைத்து விரலில் மிஞ்சி போடுவான். அதோடு சரி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பின்வரிசையில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும், "ஓமோம், பொன்னம்மாக்கா சொல்லுறது சரி. உவங்கடை ஊரிலை அம்மிக்கு எங்கை போறது, ஐஸிலைதான் வைக்கோணும்" என்றார்கள். நான் திருத்தப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு அவர்கள் எல்லோரும் ஒரு புருசன் பெண்சாதி படத்தைப் பார்த்தார்கள். அவன் அவளைத் தூக்கினால் முகம் சுளிக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால், "கட்டின புதிசிலை உப்பிடித்தான்" என்று சொன்னார்கள்.

கடைசியில் கோயிலும் மணியும் பாதிரியாரும் வந்தபோது பொன்னம்மாக்காவுக்குப் பெரிய குழப்பம். "இதென்னடி பிள்ளை, கட்டினவளை இன்னொருக்காக் கட்டுறான்?" என்றா.

அப்போது நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தக் கொட்டகையில் படத்தைச் சரியாகப் பார்த்தது அவதானோ என்று இருக்கிறது. இவர்கள் சேருவார்களா என்று வெள்ளைக்காரர் காத்திருக்கிறார்கள். சேர்த்து வைத்தாயிற்று, இனி எப்படி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நாங்கள் காத்திருக்கிறோம். எங்கள் கதை தொடங்குகிறதே மிஞ்சி போட்ட பிறகுதான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஐயாவும் சித்தப்பாவும் நினைவுக்கு வந்தார்கள்.

எங்கள் தோட்டத்துக் கிணறு இரண்டு பேருக்கும் பங்கு. ஒரு கதியால் தள்ளி நட்டதற்காக அண்ணனும் தம்பியும் வேலி வழக்கில் கோட்டு வாசல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு முகம் பார்க்க மாட்டார்கள். ஆனால் புகையிலைக் கன்று வழக்கு முடியும்வரை தண்ணீருக்குப் பொறுத்திருக்குமா? விடியற்காலையில் ஐயா துலா மரத்தில் ஏறி மிதிப்பார். சித்தப்பா கிணற்று வாயில் நின்று பனையோலைப் பட்டையால் அள்ளி ஊற்றுவார். நான் வாய்க்காலில் நின்று பாத்திக்குத் தண்ணீர் மாறுவேன். ஐயா மெலிந்து நெடுத்தவர், சித்தப்பா கட்டையும் பருமனும். ஐயா முன்னால் நடக்கத் துலா தாழ்ந்து பட்டை கிணற்றுக்குள் போகும், பின்னால் நடக்க மேலே வரும். பட்டை நிறைய முன் ஐயா திரும்பினால் வெறும் பட்டைதான் வரும். சித்தப்பா பிடி விட்டால் துலா எகிறி ஐயாவைத் தூக்கி எறிந்துவிடும். ஒருவர் உயிர் மற்றவர் கையில். அப்படியும் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. கோட்டில் எதிரிகள், கிணற்றில் ஒரே உடம்பு.

அந்தக் காலம் முழுக்க அவர்களுக்குள் இருந்த கதை ஒரே ஒரு சொல்தான். பட்டை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் சித்தப்பா கத்துவார்: "பொறு!" ஐயா அந்த இடத்திலேயே நிற்பார். கோபம் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சொல்லை மட்டும் சித்தப்பா விழுங்கியதில்லை. விழுங்கியிருந்தால் என் தாய் தாலி அறுத்திருப்பா.

5

ஐஸ்காரனும் அந்தப் பெண்ணும் அப்படித்தான். வெளியே வாய்ச்சண்டை, ஐஸில் இறங்கினால் உடம்பு இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். அவர்களுடைய ஆட்டத்தின் உச்சத்தில் ஒரு பாய்ச்சல் இருக்கிறது. அவள் பின்புறமாக வேகமாகச் சறுக்கிக்கொண்டு வந்து, திரும்பிப் பாராமலே மேலே பாய வேண்டும். அவன் பிடிக்க வேண்டும். பழகும்போது ஒருநாள் அவன் பிடி தவறி அவள் தலை அடிபட விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு வாய் மூடிப்போய்விட்டது. முன்னே திட்டியாவது கொண்டிருந்தவன், இப்போது சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறான். இவனுக்கு என்னில் அலுப்பு வந்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள். இனி இவள் என்னை நம்பமாட்டாள் என்று அவன் நினைக்கிறான். இருவரும் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். படத்தில் என்னைப் பயப்படுத்தியது அவர்களுடைய சண்டை அல்ல, அந்த மரியாதைதான்.

போட்டி நாள் வந்தது. அப்படி ஓர் ஆட்டத்தை என் சீவியத்தில் நான் பார்த்ததில்லை. ஆயிரம் விளக்கு, கண்ணாடி மாதிரி ஐஸ், அதிலே கத்தி கீறுகிற சத்தம் மட்டும். பாய்ச்சல் வருகிறது. அவள் பின்புறமாக வருகிறாள், வருகிறாள், பாயவில்லை. ஒரு சுற்றுத் தப்பிவிட்டது. மறுபடி வருகிறாள். முகத்தில் இரத்தமே இல்லை. ஆடும்போது வாய் திறக்கக்கூடாதென்பது அந்தப் போட்டியின் சட்டம். அந்த நேரம் ஐஸ்காரன் தொண்டை கிழியக் கத்தினான். பாய் என்ற ஒரே சொல். எங்கள் சித்தப்பாவின் அதே குரல்.

அவள் பாய்ந்தாள். அவன் பிடித்தான். கொட்டகையில் சீனர், மலாய்க்காரர், நாங்கள், எல்லோரும் எழும்பிவிட்டோம். நான் கை தட்டிய சத்தத்துக்கு நடேசு இந்த முறை வெட்கப்படவில்லை, அவனும் கதிரையில் ஏறி நின்றான்.

வாய் திறந்ததற்காக நடுவர்கள் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. மூன்றாம் முறையும் தோல்வி. அந்தப் பெண்ணோ அந்த ஐஸ்காரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிறுபிள்ளைபோலச் சிரிக்கிறாள். என்ன நடிப்பு! இந்தப் படத்தை எடுத்தவன் எந்த நாட்டவனானாலும் நன்றாக இருக்கட்டும். படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் கட்டாயம் பாருங்கள். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

6

வெளியே வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. பொன்னம்மாக்கா பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே போனா. நடேசுவும் யோகமும் சீமெந்து ஓடையில் சறுக்கிக்கொண்டு போனார்கள். இவர் வழக்கம்போல நாலு எட்டு முன்னால், நான் பின்னால்.

நடந்தபடியே இவர் சொன்னார்: "நல்ல படம். ஆனால் வாயைத் திறந்திராட்டில் முதல் பரிசெல்லோ."

எனக்கு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது.

"வாயைத் திறந்திராட்டில் அவள் விழுந்து செத்திருப்பாள்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். சீனன் கடை வாசலில் கணக்குச் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இவர் நின்றுவிட்டார். சொல்லத் தொடங்கியதை முடித்துவிட வேண்டியதுதான் என்று நானும் நின்றேன்.

"இஞ்சேருங்கோ. நான் போகேல்லை."

"எங்கை?"

"ஊருக்கு. கப்பலுக்கு. நான் போகேல்லை. எனக்கு விருப்பமில்லை."

பன்னிரண்டு வருடத்தில் ‘விருப்பமில்லை’ என்ற சொல்லை என் வாயால் இவர் கேட்டது அன்றுதான். முகம் வெளிறிவிட்டது. நான் விடவில்லை.

"பிள்ளையளுக்குத் தமிழ் வரேல்லையெண்டால் நான் படிப்பிக்கிறன். வீட்டிலை நாங்கள் இரண்டு பேரும் வாய் திறந்து கதைச்சால்தானே அதுகளுக்குத் தமிழ் வரும்? தகப்பன் வாசலிலை வந்து நிக்கேக்கை ‘ஆரோ வந்திருக்கினம்’ எண்டு என்ரை பிள்ளை ஓடக்கூடாது. யப்பான்காரன் வந்தால் வரட்டும். எல்லாரும் ஒண்டாய் இருந்து பாப்பம்."

இவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். திரும்பவும் பழைய கைக்கு மாற்றினார்.

"உதை ஏன் நீர் முந்தியே சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ? போம் எண்டியள். ஓம் எண்டன். எனக்குப் போக விருப்பமோ எண்டு ஒருக்கால் கேட்டனீங்களோ?"

இவருடைய குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்டேன்.

"கேக்கப் பயமாயிருந்தது. கேட்டால், ஓம், விருப்பமெண்டு சொல்லிப்போடுவீரோ எண்டு."

நான் அந்த நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல், ஊரில் அழுகிறதுபோலவே சத்தமாக அழுதேன். சீனன் உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தான். எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்திருப்பான். அந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது? இவர் என்னை அதில் இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார். பிறகு, சின்னப் பையன்போலக் கேட்டார்:

"அப்ப அம்மாவுக்கு ஆர் சொல்லுறது? வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சு, மாடும் வாங்கிக் கட்டியிருக்கிறா எல்லே."

"நான் சொல்லுறன்" என்றேன்.

மாமி, இந்தப் பத்திரிகையை மச்சாள் உங்களுக்கு உரத்து வாசித்துக் காட்டுவா. நாங்கள் வரவில்லை. உங்கள் மகன் என்னை மறிக்கவில்லை, அவரைக் கோபிக்காதேயுங்கள். அவரை இங்கே தனிய விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. உங்கள் மகனில் எனக்கு அவ்வளவு விருப்பம்.